பச்சைத் துணிக்குள் மூன்று தாள்

பினாங்கு,
3-11-1957

திண்டுக்கல் கிருபாலயம் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் அம்மாவுக்கு,

பேர்கூடத் தெரியாமல் எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பேர் நூர் அகமது. பேகம்பூர் தோல் வியாபாரி நைனா முகமதுவின் மனைவி பக்ருன்னிசா என் கூடப்பிறந்த அக்கா. அவள் ஒரு மாதமாக உங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் போன வெள்ளிக்கிழமை சொன்னார். பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். சொந்த அக்கா படுத்த செய்தியைச் செருப்பு மாட்டுகிற நேரத்தில் கேட்கிற நிலைமை எனக்கு.

மச்சானுக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. வராது என்றும் தெரியும். அது எங்கள் வீட்டு விவகாரம், உங்களுக்கு எதற்கு.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவளுக்கு என்ன நோய்? வந்தவரைக் கேட்டதற்கு, "ஏதோ கட்டின்னாங்கப்பு, மாருல" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். தரையைப் பார்த்துச் சொல்கிற கட்டி என்ன கட்டி என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
நூர் அகமது

திண்டுக்கல்,
14-11-1957

திரு. நூர் அகமது அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் பேர் அமலராணி. இந்த வார்டில் எட்டு வருடமாக இருக்கிறேன்.

ஒரு நோயாளியின் விவரத்தை அவரைச் சேர்த்தவரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரியின் விதி. உங்கள் அக்காவைச் சேர்த்தவர் அவர் கணவர். ஆகவே நீங்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் அக்கா நன்றாகக் கவனிக்கப்படுகிறார். ஜன்னல் ஓரக் கட்டில். அவருடைய மாமியார் ஜெய்தூன் பீவி அம்மாள் இரவும் பகலும் கூடவே இருக்கிறார். கண்ணில் புரை விழுந்தும் கையால் தடவித் தடவி எல்லா வேலையும் செய்கிறார். வீட்டிலிருந்து இரண்டு வேளையும் கஞ்சி வருகிறது. நீங்கள் எழுதியதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. உங்கள் பேரை அங்கே எடுக்கக் கூடாது போலிருக்கிறது. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று சேர்க்கிற அன்று ஒரு வழக்கத்துக்காகக் கேட்டேன். "ஒருத்தன் இருந்தான்" என்றார் மாமியார். அதற்கு மேல் கேட்கவில்லை.

சிகிச்சை நடக்கிறது. உங்கள் அக்காவுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
அமலராணி

பினாங்கு,
22-11-1957

சிஸ்டர் அம்மாவுக்கு,

ஊசி போடுகிறோம், மருந்து கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தால் நம்பித் தொலைத்திருப்பேன். ஜெபிக்கிறேன் என்று எழுதிவிட்டீர்கள். எட்டு வருட சிஸ்டர் ஒருத்தர் ஜெபத்துக்கு வந்துவிட்டார் என்றால் எனக்குப் புரியாதா?

என் பேரை ஏன் எடுப்பதில்லை என்று சொல்லிவிடுகிறேன். அப்போதாவது என்னை வேற்றாளாக நினைக்க மாட்டீர்கள். அத்தாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அக்காதான் வளர்த்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், மச்சானுடைய தங்கை நர்கீசை எனக்குப் பேசி நிச்சயம் பண்ணினார்கள். சபையில் வெற்றிலை மாற்றியாகிவிட்டது. இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு வந்து நிக்காஹ் என்று சொல்லிக் கப்பலேறினேன். இங்கே வந்து ஒரு மலாய்க்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். அதை மூன்று வரியில் எழுதிப் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த மூன்று வரிக்காக மாமியார் வீட்டில் என் அக்கா எத்தனை வருடம் தலைகுனிந்து நடந்தாள் என்று எனக்குத் தெரியாது. "எனக்குத் தம்பின்னு எவனும் இல்ல" என்று யார் கையாலோ எழுதி அனுப்பினாள். ஏழு வருடம் ஆகிறது.

தப்பு என்னுடையது. அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு எண் போதும்.

நூர் அகமது

திண்டுக்கல்,
2-12-1957

திரு. நூர் அகமது அவர்களுக்கு,

இதை எழுதுவது சரியில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்கள் அக்காவுக்குப் புற்றுநோய். இடது மார்பில். ஆண் டாக்டரிடம் காட்டக் கூசி இரண்டு வருடம் துணியைச் சுற்றி மறைத்து வைத்திருந்திருக்கிறார். பெண் டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு இங்கே வந்தபோது புண் வெடித்துவிட்டது. அக்குளிலும் கழுத்திலும் பரவியிருக்கிறது. இனி மதராசுக்குக் கொண்டுபோய் ரேடியம் வைத்தும் பயனில்லை என்கிறார் டாக்டரம்மா. நீங்கள் கேட்ட எண்: இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று.

உங்கள் அக்காவுக்கு இது தெரியாது. ஆறாத கட்டி, சீழெல்லாம் வடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சொல்லக் கூடாது என்று உங்கள் மச்சான் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். மாமியார் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். அவர்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அகரத்திலிருந்து மூக்காயி என்று ஒரு அம்மாள் வந்தார். பூந்தோட்டக்காரர். கர்ப்பப்பையில் புற்று. நோயாளியிடம் உண்மையை மறைக்காதே, பக்கத்தில் உட்கார், கையைப் பிடித்துக்கொள், மெதுவாகச் சொல் என்று எனக்குப் பயிற்சிப் பள்ளியில் வெள்ளைக்கார அம்மாள் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே செய்தேன். மூக்காயி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தார். சாயங்காலமே மகன் வண்டி கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாராம். இருபத்திரண்டாம் நாள் முடிந்துவிட்டது. மகன் பொன்னுத்துரை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று எல்லாரும் கேட்கச் சொன்னான்: "எங்காத்தாவுக்குத் தெரியாம இருந்திருந்தா இன்னும் நாலு மாசம் பூக்கட்டிக்கிட்டு இருந்திருக்கும். நோவு கொல்லல, ஒங்க வாய்தேன் கொன்னுச்சு."

அன்றிலிருந்து நான் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. இந்துவானாலும் சரி, முஸ்லிமானாலும் சரி, எங்கள் சபைக்காரரானாலும் சரி. நோயாளி என்னிடம் கேட்டுவிடுவாரோ என்று தோன்றினால் தனியாகப் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு இதெல்லாம் எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன், இனி அடித்து அழிக்கப் போவதில்லை.

அமலராணி

பினாங்கு,
11-12-1957

சிஸ்டர் அம்மாவுக்கு,

எண் கிடைத்தது. அதைப் படித்துவிட்டுக் கடையை மூடிவிட்டு வந்துவிட்டேன். சொன்னதற்கு நன்றி. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன்.

மூக்காயி அம்மாளுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் என் அக்கா மூக்காயி இல்லை. இதை உங்களுக்கு எப்படி விளங்க வைப்பது? எங்களில் ஒருவருக்கு முடிவு நெருங்குகிறது என்றால் அவருக்குச் செய்து முடிக்க வேலை இருக்கிறது. பொருத்தம் கேட்பது என்று சொல்வோம். நான் உனக்குச் செய்த தீங்கைப் பொருந்திக்கொள் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது. மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்கூட அதில் குறுக்கே வருவதில்லை என்பார்கள். என் மாமனார் படுத்திருந்தபோது தெருவே வந்து கட்டிலைச் சுற்றி நின்று கேட்டது. அவரும் ஒவ்வொருவரிடமாகக் கேட்டார். காய்கறிக்காரரிடம்கூடக் கேட்டார். பிறகுதான் கண்ணை மூடினார். விட்டுப்போன நோன்பு, நிறைவேற்ற வேண்டிய வாக்கு என்று எத்தனையோ இருக்கும். இதையெல்லாம் செய்ய நாள் தெரிய வேண்டும். தெரியாமலே போவது எங்களுக்கு நல்ல சாவு இல்லை.

அவளிடம் சொல்லுங்கள். என் மச்சான் வேண்டாம் என்றால் அது மனைவி மேல் வைத்த ஆசையில் சொல்வது. மார்க்கம் தெரியாதவரல்ல. பயந்துபோயிருக்கிறார்.

இங்கே சர்க்கார் புதிதாக மாறியதால் பாஸ்போர்ட்டுக் காகிதங்கள் கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பிப்ரவரி முதல் வாரக் கப்பலுக்கு முன்னால் நான் கிளம்ப முடியாது. அதனால் அக்காவுக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, பள்ளிக்கூடம் போனதில்லை. நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். ஒரு பக்கம்தான். பொருந்திக்கொள் என்று கேட்டிருக்கிறேன், வேறொன்றும் இல்லை.

அவள் என்ன சொன்னாள் என்று அப்படியே எழுதுங்கள். திட்டினாலும் எழுதுங்கள்.

நூர் அகமது

திண்டுக்கல்,
24-12-1957

திரு. நூர் அகமது அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இன்னும் படித்துக் காட்டவில்லை.

இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போனேன். முதல் தடவை மாமியார் இருந்தார். இரண்டாம் தடவை அவர் தொழப் போயிருந்தார், வார்டில் சத்தமே இல்லை, உங்கள் அக்கா விழித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அதற்கு மேல் வசதியான நேரம் கிடைக்காது. ஆனால் நான் கட்டிலருகே நின்று போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்களே எழுதிவிட்டீர்களே, முடிவு நெருங்கினால்தான் பொருத்தம் கேட்பீர்கள் என்று. அப்படியானால் உங்கள் கடிதத்தைப் படிப்பதும் நோயைச் சொல்வதும் ஒன்றுதானே? கடிதம் என் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் வந்தபின் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அதுதான் முறை என்று எனக்குப் படுகிறது.

போன வாரம் புண்ணைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "ரமலான் வரைக்கும் இருப்பேனா சிஸ்டர்?" என்று கேட்டார். மாமியார் என் முழங்கையை அழுத்தினார். "நூறு வயசு இருப்பீங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். செத்த நேரம் என் முகத்தைப் பார்த்திருந்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று எழுதுகிறேன். தலைமாட்டில் பச்சைத் துணியில் சுற்றிக் குர்ஆன் வைத்திருக்கிறார். துஆ என்கிற பிரார்த்தனைகளைத் தாளில் எழுதி இரண்டு தடவை என் கையில் கொடுத்தார். நான் வேற்று மதக்காரி என்று பார்க்காமல் கொடுத்தாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி அந்தப் பச்சைத் துணிக்குள்ளேயே வைத்தேன். உங்கள் மார்க்கத்துக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

நாளைக்கு எங்கள் பண்டிகை. அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

அமலராணி

பினாங்கு,
2-1-1958

அமலராணி அம்மாவுக்கு,

என் அக்காவின் மவுத்து என் அக்காவுடையது. அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்ட நீங்கள் யார்?

நூறு வயசு என்று சொன்னீர்களா? அவள் கேட்டது ரமலானை. மார்ச்சு மாதத்தை. அதற்குக்கூட ஒரு நேரான பதில் இல்லையா உங்களிடம்? நீங்கள் அவளுக்குப் பயப்படவில்லை. வாசலில் வந்து கத்திய அந்தப் பையனுக்குத்தான் இன்னும் பயப்படுகிறீர்கள். அவன் கத்தியதற்கு என் அக்கா ஏன் ஊமையாகச் சாக வேண்டும்?

மெழுகுவர்த்தி வேண்டாம். கடிதத்தைப் படியுங்கள்.

பிப்ரவரி 6ஆம் தேதிக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. அதுவரை அவளை இருக்கச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இதையாவது சொல்லுங்கள், நூரு வாரானாம் என்று.

நூர் அகமது

திண்டுக்கல்,
18-1-1958

அன்புள்ள நூர் அகமது அவர்களுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். 16ஆம் தேதி வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் அக்கா காலமானார். வலி இல்லை. ஊசியின் மயக்கத்திலேயே போய்விட்டார். உங்கள் மச்சானும் மாமியாரும் பக்கத்தில் இருந்தார்கள். அன்று மாலையே பேகம்பூரில் அடக்கம் நடந்தது.

உங்கள் கடைசிக் கடிதம் 11ஆம் தேதி வந்தது. படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். நீங்கள் எழுதியது உண்மை என்பதால் வந்த கோபம். மறுநாளே டிராயரில் இருந்ததைப் படித்துக் காட்டி, நீங்கள் வருவதையும் சொல்லியிருக்கலாம். பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பொங்கலுக்கு நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள், வார்டு காலியாக இருக்கும், அப்போது படிக்கலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். 13ஆம் தேதி இரவு மூச்சுத் திணறல் வந்து, பெரிய ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் நினைவோடு கண் திறக்கவே இல்லை.

15ஆம் தேதி பிற்பகல் டிராயரைத் திறந்து உங்கள் கடிதத்தை எடுத்தேன். காதருகே குனிந்து முழுவதும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். கையைப் பிடித்திருந்தேன், விரல் அசைந்த மாதிரி இருந்தது. ஊசி போட்டவர்களுக்கு விரல் சும்மாவும் அசையும். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஜெய்தூன் பீவி அம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரை நான் தடுக்கவும் இல்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. முடித்ததும் அவர் கேட்டார்: "இது எப்ப வந்துச்சு தாயி?" போன மாசம் என்றேன். முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாங்கதேன் வீட்டு ஆளுக, பயந்துபோயிச் சொல்லாதங்கிறோம். நீ படிச்ச பிள்ளையில்ல? எங்க பேச்சையா கேக்கிறது?"

அவர் பேரைச் சொல்லித்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்.

கட்டிலைச் சுத்தம் செய்யும்போது பச்சைத் துணிக்குள் அந்தத் துஆத் தாள்கள் இருந்தன. மூன்று. மூன்றாவதைப் புத்தாண்டு கழிந்து ஒரு நாள் கொடுத்திருந்தார். ஓதுகிற தாளைக் குப்பையில் போடக் கூடாது, மண்ணில் புதைக்க வேண்டும் என்றார் மாமியார். பிறகு அவரே, "அவ தம்பிக்காரன்கிட்ட அனுப்பிரு, அவ எழுத்துன்னு வச்சுக்கிறட்டும்" என்றார். உங்களைத் தம்பிக்காரன் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்றையும் இதோடு வைத்திருக்கிறேன். அவர் கையால் எழுதிய பிரார்த்தனை உங்களுக்கு ஆறுதல் தரும் என்று நம்புகிறேன்.

அமலராணி

பினாங்கு,
2-2-1958

அமலராணி அம்மாவுக்கு,

கப்பல் டிக்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பியது துஆ இல்லை. கடிதம். மூன்றும் எனக்கு எழுதியவை. எழுத்துத்தான் அரபு. உள்ளே இருப்பதெல்லாம் தமிழ். எங்கள் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடம் போகமாட்டார்கள், மதரசாவில் ஓதக் கற்றுக்கொண்ட எழுத்தை வைத்தே தமிழை எழுதிக்கொள்வார்கள். கல்யாணப் பட்டியலிலிருந்து கைமருந்து வரை அதில்தான் எழுதுவார்கள். நான் உங்களுக்கு என்ன எழுதினேன்? அவளுக்கு எழுத்துத் தெரியாது என்று எழுதினேன். ஆண்பிள்ளைகள் நாங்கள் அதை எழுத்தென்று கணக்கில் சேர்ப்பதில்லை. தாள் கொடுத்தாள் என்று டிசம்பரில் நீங்கள் எழுதியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் கோபம் அந்த வரியைத் தாண்டி ஓடிவிட்டது. அதனால் இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மூன்றையும் நீங்கள் படிக்கிற எழுத்தில் எழுதுகிறேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

முதல் தாள்:

"தம்பி நூருக்கு அக்கா சலாம். இந்தச் சிஸ்டர் பிள்ளை பாக்கெட்டுல ஒங்க ஊருத் தபால்தலையப் பாத்தேன். நீ எழுதுறன்னு தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு வந்திருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும்ப்பா. நம்ம சாச்சிக்கு வந்ததுதான். வாடை அதே வாடை. இங்க யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் கேட்டா மச்சான் மொகம் சுண்டிப்போகுது, அதனால கேக்கிறதில்ல. எம்புட்டு நாள் இருக்குன்னு மட்டும் சிஸ்டர்கிட்டக் கேட்டு எழுது. பிள்ளை பெத்த வருசங்கள்ல விட்ட நோன்பு பதினொண்ணு களாவா, கடனாக் கெடக்கு. ரமலான் வரைக்கும் இருப்பேன்னா பொறுத்துப் பிடிச்சுக்கிருவேன். இல்லைன்னா ஏழைகளுக்குச் சோறு போடச் சொல்லிட்டுப் போகணும்."

இரண்டாவது தாள்:

"நேத்துக் கொடுத்த தாளை இந்தப் பிள்ளை கண்ணுல ஒத்திக் குர்ஆன் துணிக்குள்ள வச்சிருச்சு. சிரிப்பு வந்துச்சு எனக்கு. மாமி இருந்தாங்க, ஓம் பேரச் சொல்ல முடியல. மாமி தொழப் போறப்பச் சொல்லலாம்னா அந்தக் கடைசிக் கட்டிலுக்கு ஓடிப்போயிருது. நான் ஏதாச்சும் கேட்டுருவேன்னு பயம். புண்ணக் கட்டுறப்பக் கை நடுங்குது, பாவம். எனக்குத் தெரியும்மா, நீ பயப்படாதன்னு சொல்லணும்னு இருக்கேன். செத்த நேரம் உக்காந்தாத்தானே சொல்றதுக்கு."

மூன்றாவது தாளில் எழுத்துக் கோணிக்கோணிப் போகிறது:

"இதையும் உள்ளதேன் வைக்கும். வைக்கட்டும். நர்கீசு செம்பட்டியில நல்லா இருக்கா, மூணு பிள்ளை. அவளுக்கு ஓம் மேல கோவம் இல்ல. எனக்குத்தேன் இருந்துச்சு. இப்ப இல்ல. நீ செஞ்சதெல்லாம் பொருந்திக்கிட்டேன். தம்பி இல்லன்னு நான் சொன்னத நீ பொருந்திக்க. ஓம் பொண்டாட்டியப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. இந்தத் தாளு எப்படியாச்சும் ஓங் கைக்கு வந்தா, சிஸ்டர்கிட்ட மட்டும் சொல்லாத. மனசு ஒடஞ்சுபோயிரும்."

சொல்லாதே என்று கேட்டிருக்கிறாள். கடைசியாகக் கேட்டதையும் நான் மீறிவிட்டேன். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். தெரியாமல் இருப்பது நல்லது என்று யாரும் உங்களுக்காகத் தீர்மானிக்க வேண்டாம்.

நேற்று என் வீட்டில் பதினொரு பேருக்குச் சோறு போட்டோம். என் மனைவிதான் சமைத்தாள்.

நூர் அகமது

திண்டுக்கல்,
25-3-1958

அன்புள்ள நூர் அகமது அவர்களுக்கு,

ஏழு வாரமாகப் பதில் எழுதாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

உங்கள் அக்கா சொல்லாதே என்று கேட்டும் நீங்கள் சொன்னீர்கள். நன்றி. மனசு உடைந்துதான் போனது. டாக்டரம்மாவிடம் போய், என்னைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றிவிடுங்கள் என்றேன். அவர் தாள்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "மாற்ற மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

எனக்குத் தாங்க முடியாதது எது தெரியுமா? உங்கள் அக்காவுக்கு நோய் என்னவென்று என்னிடம் கேட்க வேண்டியதே இருக்கவில்லை. என்னைப் பயப்படாதே என்று சொல்லத்தான் நான் உட்காருவதற்குக் காத்திருந்திருக்கிறார். மூக்காயியிடம் உட்கார்ந்து சொன்னேன், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்கவில்லை. உங்கள் அக்காவிடம் உட்காரவே இல்லை. இரண்டு பேரிடமும் நான் கேட்காமலே தீர்மானித்துவிட்டேன். பெரிய மரியாதைக்காரி மாதிரி தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றினேன். "இது என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இப்போது அதே ஜன்னல் ஓரக் கட்டிலில் நெய்க்காரப்பட்டியிலிருந்து பழனியம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். தொண்டையில் புற்று. அவர் கணவர் சோலைமலை, "ஏனுங்க சிஸ்டர், அவகிட்ட ஒண்ணும் சொல்லீராதீங்க" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் டீ குடிக்கப் போனதும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "உங்க நோயப் பத்தி உங்களுக்கு என்ன தெரியணும் பழனியம்மா? கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுந் தெரிய வேண்டாமுங்க. எல்லாம் அவுங்களே பாத்துக்குவாங்க. நீங்க வேணா செத்த இப்படியே உக்காந்திருங்க" என்றார். உட்கார்ந்திருந்தேன். தினமும் உட்காருகிறேன். நாளைக்கு அவர் மனம் மாறினால் கேட்பதற்கு ஆள் இருக்கும். இதனால் உங்கள் அக்காவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

ரமலான் பிறந்துவிட்டது. நேற்று ஜெய்தூன் பீவி அம்மாளைப் போய்ப் பார்த்தேன். தாள்களில் இருந்ததைச் சொன்னேன். உங்கள் மச்சான் உள்ளே எழுந்து போய்விட்டார். அந்த அம்மாள் மூன்றாவது தாளை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். செம்பட்டிக்கு ஆள் அனுப்பி நர்கீசுக்கும் சொல்லப் போவதாகச் சொன்னார்.

மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் கேட்க எனக்கு வழியில்லை. அவருக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவர் நீங்கள். உங்கள் வழக்கப்படியே கேட்கிறேன். நான் செய்ததைப் பொருந்திக்கொள்ளுங்கள்.

அமலராணி

பினாங்கு,
7-4-1958

அமலராணி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நோன்பு திறந்தபின் என் மனைவிக்கு மலாயில் சொல்லிக் காட்டினேன். பழனியம்மாள் இடத்தில் அவள் அழுதுவிட்டாள். பொருந்திக்கொண்டேன் என்று எழுதிப் போடச் சொன்னாள்.

எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. பொய்யாக எழுத எனக்கு இஷ்டமில்லை. நீங்களும் அதைக் கேட்க மாட்டீர்கள்.

என் அக்கா உங்களிடம் மூன்று தடவை தாளை நீட்டினாள். நீங்கள் என்னிடம் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் எழுதுங்கள்.

நூர் அகமது